வராத பணத்துக்கு வட்டி கட்டும் டேகேர்கள்

அமெரிக்காவில் ஒரு சின்ன டேகேரின் கணக்கைத் திறந்தால், வந்த பணத்தைவிட வர வேண்டிய பணத்தின் பட்டியல்தான் நீளமாக இருக்கும். அதில் பெரும்பகுதி அரசு தர வேண்டியது. குழந்தைகளை ஒரு மாதம் பார்த்துக்கொண்டாகிவிட்டது, வருகைப் பதிவையும் அனுப்பியாகிவிட்டது, பணம் மட்டும் இன்னும் வழியில் இருக்கிறது.

நான் இப்படிப்பட்ட சில டேகேர்களுக்குக் கணக்கு எழுதுகிறேன். சில வீட்டிலேயே நடப்பவை. மற்றவை வாடகைக் கட்டடத்தில் இருபது முப்பது குழந்தைகளோடு நடப்பவை. நடத்துபவர்கள் ஏறக்குறைய எல்லோரும் பெண்கள். 2025 அக்டோபரில், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் செலவுக்கு நிதி ஒதுக்காததால் மத்திய அரசு முடங்கியபோது, இவர்கள் என்னிடம் சப்சிடி (அரசு ஏற்கும் கட்டணப் பங்கு) விதிகளைப் பற்றிக் கேட்கவில்லை. அரசியலும் பேசவில்லை. எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "இந்த வெள்ளிக்கிழமை சம்பளம் போடலாமா?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் தெரிந்துகொண்டவற்றை எழுதி வைக்கிறேன். டேகேர் நடத்துபவர்களுக்கும், பிள்ளையை டேகேரில் விடும் பெற்றோருக்கும் உதவலாம்.

பணம் எப்படி வருகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1990-ல் வந்த ஒரு மத்தியச் சட்டத்தின் அடிப்படையில் சைல்ட் கேர் அண்ட் டெவலப்மென்ட் ஃபண்ட் என்று ஒரு நிதி இருக்கிறது. வருமானம் குறைந்த, வேலைக்குப் போகும் குடும்பங்களின் குழந்தைகளுக்கு டேகேர் கட்டணத்தின் பெரும்பகுதியை அது ஏற்றுக்கொள்கிறது. மாதத்துக்குச் சுமார் 13 லட்சம் குழந்தைகள் இதில் பயன்பெறுகிறார்கள். காங்கிரஸ் ஒதுக்க வேண்டும், மத்திய சுகாதாரத் துறை விடுவிக்க வேண்டும், மாநிலம் வாங்கிப் பிரிக்க வேண்டும், பல இடங்களில் அதற்கும் கீழே ஒரு கவுண்டி (மாவட்டம் போன்றது) அலுவலகமோ முகமையோ பில்லைச் சரிபார்க்க வேண்டும். அப்புறம்தான் டேகேரின் வங்கிக் கணக்கு. இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி சிக்கினாலும் கடைசியில் நிற்பவருக்குத்தான் பணம் வராது. காரணத்தையும் அவருக்கு யாரும் சொல்ல மாட்டார்கள்.

2025-ல் முடக்கம் அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை, 43 நாள் நீடித்தது. பல மாநிலங்களிடம் முந்தைய ஆண்டு ஒதுக்கீட்டில் மிச்சம் இருந்ததால் இந்த சப்சிடி உடனே நின்றுவிடவில்லை. அடி விழுந்தது, வருமானம் குறைந்த குடும்பங்களின் சிறு குழந்தைகளுக்கான ஹெட் ஸ்டார்ட் மையங்களுக்கு. அவற்றுக்குப் பணம் மாநிலம் வழியாக வராது, மத்திய அரசே நேரடியாகக் கொடுக்கும். ஒவ்வொரு மையத்துக்கும் மானிய ஆண்டு வெவ்வேறு மாதத்தில் தொடங்கும். நவம்பர் 1-ல் புதுப்பிக்க வேண்டியவையும் சேர்ந்தபோது சுமார் 65,000 குழந்தைகளின் இடம் கேள்விக்குறியானது. சில மையங்கள் கதவை மூடின. ஜார்ஜியாவில் அட்லாண்டாவின் சமூக அறக்கட்டளை போன்ற அமைப்புகள் இடைக்காலக் கடன் ஏற்பாடு செய்ததால் அங்கே மையங்கள் நடந்தன.

பென்சில்வேனியாவில் கதை இன்னும் மோசம். ஜூலை 1-க்குள் வந்திருக்க வேண்டிய மாநில பட்ஜெட், நவம்பர் 12 அன்றுதான் கையெழுத்தானது. நான்கு மாதத்துக்கும் மேலாக மாநிலத்தின் முன்பருவக் கல்விப் பணம் நின்றுபோனது. இடையில் மாநிலக் கருவூலம் ஹெட் ஸ்டார்ட் மையங்களுக்குக் கடன் தர முன்வந்தது, 4.5 சதவீத வட்டிக்கு. சந்தையோடு ஒப்பிட்டால் குறைந்த வட்டிதான், அந்த நேரத்தில் அது பலருக்கு உயிர் கொடுத்த ஏற்பாடு என்பதையும் மறுக்க முடியாது. ஆனாலும் எனக்கு அது நெஞ்சில் குத்துகிறது. தர வேண்டிய பணத்தைத் தராத மாநிலம், அந்தப் பணம் வரும்வரை சமாளிக்க வட்டிக்குக் கடன் தருகிறது. தாமதம் யாருடையதோ, வட்டியும் அவர்களுடையதாகத்தானே இருக்க வேண்டும்?

அரசு முடங்காத நாளிலும் தாமதம் உண்டு. மாநிலம் மென்பொருளை மாற்றும், ஒரு மாதப் பில்கள் அதற்குள் சிக்கிக்கொள்ளும். ஒரு பெற்றோர் தகுதிப் புதுப்பிப்புக் காகிதத்தைக் கொடுக்க மறந்துவிடுவார், குழந்தையின் பெயர் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். வருகைப் பதிவில் ஒரு நாள் கையெழுத்து விட்டுப்போனால் பில் முழுதும் திரும்பி வரும். இவையெல்லாம் செய்தியில் வராது. ஆனால் ஒரு டேகேரை மெல்ல மெல்லக் கரைப்பது இவைதான்.

"கொஞ்சம் சேமிப்பு வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அமெரிக்க நிதித் துறை 2021 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கையில் டேகேர்களின் லாபம் பொதுவாக 1 சதவீதத்துக்கும் குறைவு என்று எழுதியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 30,000 டாலர் வரவு உள்ள ஒரு மையம், அதில் பாதி சப்சிடி என்று வையுங்கள். லாபம் 1 சதவீதம் என்றால் மாதம் 300 டாலர். ஒரே ஒரு மாத சப்சிடி வராமல் போனால் 15,000 டாலர் பள்ளம். 300, 300 ஆகச் சேர்த்து அந்த 15,000-ஐக் கையில் வைத்திருக்க 50 மாதம் ஆகும். அந்த நான்கு வருடத்தில் ஹீட்டர் கெட்டுப்போகக் கூடாது, ஒரு குழந்தைகூட விலகக் கூடாது, காப்பீட்டுப் பிரீமியம் ஏறக் கூடாது. இதைச் சேமிக்காததை யாரும் ஒழுங்கின்மை என்று சொல்ல முடியாது.

செலவைக் குறைக்கவும் வழியில்லை. பல மாநிலங்களில் கைக்குழந்தைகள் நான்கு பேருக்கு ஒரு பெரியவர் இருந்தே ஆக வேண்டும். பணம் வரவில்லை என்று ஒரு ஆசிரியையை வீட்டுக்கு அனுப்பினால், அந்த அறையே சட்டப்படி நடக்க முடியாது. நான்கு குழந்தைகளையும் அனுப்ப வேண்டியதுதான். அந்த ஆசிரியையின் சம்பளமும் ஒன்றும் பெரிதில்லை. தொழிலாளர் புள்ளியியல் துறையின் 2024 கணக்குப்படி குழந்தைப் பராமரிப்பாளர்களின் இடைநிலை ஊதியம் மணிக்கு 15.41 டாலர். ஒரு சம்பளம் தவறினால் அவர் வேறு வேலை பார்த்துப் போய்விடுவார். கிடங்கில் பெட்டி அடுக்கினால் இதைவிட அதிகம் கிடைக்கும் ஊர்கள் நிறைய. போனவரைத் திரும்பக் கொண்டுவர முடியாது. அரசுப் பணம் ஆறு வாரம் கழித்து முழுதாக வந்தாலும் அந்த அறை மூடியபடியே இருக்கும். பொறுமையாகக் காத்திருங்கள், எப்படியும் பணம் வந்துவிடும் என்று சொல்லும் அதிகாரிகளுக்கு இது புரிவதில்லை.

நான் கணக்கு எழுதும் மையங்களில் ஒன்றை ஓர் அக்கா நடத்துகிறார். அவரிடம் வரும் குழந்தைகளில் பாதிக்குமேல் சப்சிடி. முடக்க நாட்களுக்கு இடையில் ஒரு நாள் சாயங்காலம் போனேன். குழந்தைகள் எல்லோரும் போயிருந்தார்கள், சின்ன நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்தார். கையில் ஒரு காகிதம். "இங்க பாருங்கம்மா, நாளைக்கே பணம் போடறோம்னு சொல்றாங்க. கிரெடிட் ஸ்கோர்கூடப் பார்க்க மாட்டாங்களாம்" என்றார்.

மெர்ச்சன்ட் கேஷ் அட்வான்ஸ் என்று ஒன்று. வங்கிக் கடன் மாதிரி இருக்கும், சட்டப்படி அது கடனே இல்லை, உங்கள் வருங்கால வருமானத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறார்கள். அந்தக் காகிதத்தில் வட்டி விகிதம் என்று எதுவுமே இல்லை. 1.3 என்று ஓர் எண் மட்டும் இருந்தது. அதாவது 10,000 வாங்கினால் 13,000 திருப்ப வேண்டும், ஆறு மாதத்தில், வாரத்தின் ஒவ்வொரு வேலைநாளும் கணக்கிலிருந்து தானாகவே எடுத்துக்கொள்வார்கள். ஆண்டு வட்டியாகப் போட்டுப் பார்த்தால் நூறு சதவீதத்தைத் தாண்டுகிறது. அந்தக் காகிதத்தின் பின்பக்கத்திலேயே கணக்கை எழுதிக் காட்டினேன். தினமும் 100 டாலருக்கு மேல் போகும், அரசுப் பணம் வராத நாளிலும் போகும். அக்கா கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்போ வெள்ளிக்கிழமைக்கு என்னம்மா பண்றது?" என்றார். அதுதான் சரியான கேள்வி. கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டால் போதாது.

அன்று உட்கார்ந்து நாங்கள் செய்த வேலையை இப்போது எல்லோருக்கும் செய்யச் சொல்கிறேன். ஒரு தாளில் அடுத்த 13 வாரங்களைப் பத்திகளாகப் போடுங்கள். ஒவ்வொரு வாரமும் நிச்சயமாக வரும் பணத்தை மட்டும் மேலே எழுதுங்கள்: பெற்றோர் நேரடியாகக் கட்டுவது, சப்சிடிக் குடும்பங்கள் தங்கள் பங்காகக் கட்டும் கோ-பே. அரசு தர வேண்டியதை எழுதவே வேண்டாம், வந்தால் வந்தபோது பார்த்துக்கொள்ளலாம். கீழே செலவுகள், தேதியோடு: சம்பளம், வாடகை, காப்பீடு, மளிகை, மின்சாரம். எந்த வாரத்தில் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகிறது என்பது அப்போதே தெரிந்துவிடும். அக்காவுக்கு அது மூன்றாவது வாரம். அவர் பயந்தபடி அந்த வெள்ளிக்கிழமை இல்லை! இரண்டு வாரம் கையில் இருக்கிறது என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. இரண்டு வாரம் இருந்தால் கட்டட உரிமையாளரிடம் பேசலாம், வங்கிக்குப் போகலாம், நல்ல கடன் தேடலாம்.

எதை முதலில் கட்டுவது என்பதில் எனக்குக் கறாரான கருத்து உண்டு. முதலில் ஊழியர் சம்பளம். அதோடு சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் பிடித்த வரி. இந்த இரண்டாவதைத் தள்ளிப்போடத்தான் பலருக்கும் தோன்றும், ஏனென்றால் வருமான வரித் துறை உடனே கதவைத் தட்டாது. தயவுசெய்து தொடாதீர்கள். ஊழியரிடம் பிடித்த வரி உங்கள் பணமே இல்லை. அதைக் கட்டாமல் வேறு எதற்காவது செலவு செய்தால், கட்டாத அந்தத் தொகைக்குச் சமமான அபராதம் உங்கள் தனிப்பட்ட தலையில் விழும், நிறுவனத்தை மூடினாலும் போகாது. "அக்கா, பணம் வந்ததும் கொடுங்க, அதுவரைக்கும் சும்மா வர்றோம்" என்று ஆசிரியைகள் பாசத்தோடு சொல்வார்கள். அதையும் ஏற்க முடியாது. வேலை செய்த நேரத்துக்கு உரிய சம்பளத்தை உரிய நாளில் கொடுக்கச் சட்டம் சொல்கிறது. அவர்களுக்கும் வாடகை இருக்கிறது.

அடுத்தது வாடகை. ஆனால் வாடகையைப் பற்றிப் பேச முடியும். கட்டட உரிமையாளரிடம் தேதி தவறிய பிறகு போகாமல், பத்து நாள் முன்னாலேயே ஒரு கடிதத்தோடு போக வேண்டும். அரசு எவ்வளவு தர வேண்டும், எந்த மாதப் பில், இன்று பாதி கட்டுகிறேன், மீதி இந்தத் தேதிக்குள். அவ்வளவுதான். நிலுவையைக் காட்டும் அரசு இணையப் பக்கத்தின் பிரின்ட் அவுட்டையும் சேர்த்து வையுங்கள். அந்தப் பிரின்ட் அவுட்டுக்கு இருக்கும் மதிப்பு நம் வாய்ச்சொல்லுக்குக் கிடையாது. மின்சாரம், எரிவாயு நிறுவனங்கள் கேட்டால் தவணை தரும். கேட்க வேண்டும், அவ்வளவே.

கடன் விஷயத்தில் எல்லோரும் தாமதமாக யோசிக்கிறார்கள், அது இயல்புதான். வங்கியில் லைன் ஆஃப் கிரெடிட் (தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளும் கடன் வரம்பு) கேட்க வேண்டிய நேரம், கணக்கில் பணம் இருக்கும் நேரம். தேவைப்படாத மாதத்தில் வாங்கி வைத்துவிட்டால், எடுத்த பணத்துக்கு மட்டும்தான் வட்டி. முடக்கம் வந்த பிறகு போனால் வேறொரு சிக்கலும் உண்டு: மத்திய அரசின் சிறுதொழில் நிர்வாகத்தின் உத்தரவாதத்தோடு தரப்படும் கடன்களுக்கும் புதிய அனுமதிகள் முடக்கத்தில் நின்றுவிடுகின்றன. வரவு தடுமாறும் அதே நேரத்தில் கடன் கதவும் மூடுகிறது. அதனால்தான், வங்கிகள் எளிதில் கடன் தராதவர்களுக்குக் கடன் தரும் சமுதாய வளர்ச்சி நிதி நிறுவனங்களைத் தேடச் சொல்கிறேன். லோ இன்கம் இன்வெஸ்ட்மென்ட் ஃபண்ட் மாதிரி சில நிறுவனங்களுக்கு டேகேர் தொழில் நன்றாகத் தெரியும், அரசு நிலுவை என்றால் என்ன என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கீவா என்ற இணையக் கடன் தளத்தில் சிறுதொழில்களுக்கு 15,000 டாலர் வரை வட்டியில்லாமல் கிடைக்கும். ஆனால் பலர் சேர்ந்து போடும் பணம் என்பதால் சில வாரங்கள் ஆகும், அவசரத்துக்கு ஆகாது.

இனி பெற்றோர். முழுக் கட்டணம் கட்டும் பெற்றோருக்குத் தங்கள் பிள்ளையின் டேகேரில் பாதி அரசுப் பணத்தில் ஓடுகிறது என்பதே தெரியாது. அது தெரிந்தால் விட்டுப் போய்விடுவார்களோ என்று நடத்துபவர்கள் மறைக்கிறார்கள். நான் பார்த்தவரை, சொன்னால் நிற்கிறார்கள், வதந்தியாகக் கேள்விப்பட்டால்தான் ஓடுகிறார்கள். அக்காவும் தயங்கித் தயங்கி ஒரு கடிதம் கொடுத்தார். மையம் மூடவில்லை, அரசுப் பணம் தாமதம், முடிந்தவர்கள் மாதக் கட்டணத்தை முதல் வாரத்திலேயே கட்டினால் உதவியாக இருக்கும், முடியாதவர்கள் வழக்கம்போலக் கட்டலாம், எதுவும் மாறாது. பலர் முன்கூட்டியே கட்டினார்கள். ஒரு தாத்தா வந்து, தள்ளுபடி வேண்டாம் என்று சொல்லியே செக்கைக் கொடுத்தார்.

அந்தத் தள்ளுபடி விஷயம் முக்கியம். மூன்று மாதம் முன்பணம் கட்டினால் 10 சதவீதம் குறைப்பு என்று சிலர் அறிவிக்கிறார்கள். இன்றைய பள்ளத்தை நிரப்ப அடுத்த இரண்டு மாதத்தில் பள்ளம் தோண்டுவதுதான் அது, 10 சதவீத நஷ்டத்தோடு. ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் வாங்காதீர்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: அலுவலகத்தின் டிபென்டென்ட் கேர் கணக்கிலிருந்து (குழந்தைப் பராமரிப்புக்காகச் சம்பளத்தில் வரியில்லாமல் ஒதுக்கும் பணம்) கட்டுபவர்கள், குழந்தையைப் பார்த்துக்கொண்ட காலம் முடிந்த பிறகுதான் அந்தப் பணத்தைத் திரும்பப் பெற முடியும் என்பதை நினைவில் வைத்து முன்பணம் கட்டுங்கள்.

சப்சிடியில் இருக்கும் பெற்றோரிடம், அரசு தராததை நீங்கள் கட்டுங்கள் என்று கேட்கவே கூடாது. பல மாநில ஒப்பந்தங்கள் அதைத் தடுக்கின்றன. ஒப்பந்தம் தடுக்காவிட்டாலும், அவர்களால் முடியாது என்பதால்தானே சப்சிடி. அவர்கள் செய்யக்கூடிய பெரிய உதவி, புதுப்பிப்புக் காகிதத்தைக் கெடுவுக்கு முன் கொடுப்பது. எந்தக் குழந்தைக்கு எந்த மாதம் புதுப்பிப்பு என்று சுவரில் ஒரு பட்டியல் ஒட்டி, ஒரு மாதம் முன்பே ஞாபகப்படுத்துங்கள். குழந்தைகளின் சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் தரும் மத்திய உணவுத் திட்டத்தில் இருப்பவர்கள், சாப்பாட்டுக் கணக்கை அன்றன்றே எழுதிவிடுங்கள். தாமதம் எவ்வளவு வந்தாலும், பிழையில்லாத பில்தான் வரிசையில் நகரும்.

இவ்வளவும் சமாளிப்புதான். அரசு முன்கூட்டியே பணம் கொடுத்தால் இந்தப் பதிவில் பாதிக்குத் தேவையே இருக்காது. 2016-ன் மத்திய விதி, ஒன்று முன்பணமாகக் கொடு, இல்லையென்றால் பில் வந்த 21 நாளுக்குள் கொடு என்றது. 2024-ன் விதி இன்னும் ஒரு படி மேலே போய், சேவைக்கு முன்பே கொடு, வருகையை எண்ணாமல் சேர்ந்திருக்கும் குழந்தைகளை வைத்துக் கொடு என்றது. முழுக் கட்டணம் கட்டும் பெற்றோர் அப்படித்தானே கட்டுகிறார்கள்? பிள்ளைக்குக் காய்ச்சல் என்று மூன்று நாள் வராவிட்டால் யாரும் பணத்தைப் பிடித்துக்கொள்வதில்லை. பல மாநிலங்கள் அவகாசம் கேட்டு இதைத் தள்ளிவைத்தன. 2026 ஜனவரியில் மத்திய சுகாதாரத் துறை இந்த விதியையே திரும்பப் பெறப்போவதாக அறிவித்தது. மினசோட்டாவில் எழுந்த மோசடிப் புகார்களைக் காட்டி அந்த மாநிலத்துக்கும், பிறகு கலிஃபோர்னியா, கொலராடோ, இலினாய், நியூயார்க் மாநிலங்களுக்கும் நிதியை நிறுத்தி வைக்கவும் முனைந்தது, அதை ஒரு மத்திய நீதிபதி தற்காலிகமாகத் தடுத்தார். மோசடி செய்தவரைப் பிடிக்கட்டும், தணிக்கை எத்தனை முறை வேண்டுமானாலும் நடக்கட்டும், என் பெட்டியில் எல்லாக் காகிதமும் இருக்கிறது. அதற்காக நேர்மையாக நடத்துபவர்களின் பணத்தையும் சேர்த்து நிறுத்துவது நியாயமே இல்லை.

மத்திய அரசுக்குப் பொருள் விற்கும் நிறுவனங்களுக்கு 1982 முதல் ஒரு சட்டம் இருக்கிறது. பில் கொடுத்து பொதுவாக 30 நாளுக்குள் பணம் வராவிட்டால் அரசு வட்டியோடு தர வேண்டும். நாற்காலி விற்பவருக்கு வட்டி உண்டு, அந்த நாற்காலியில் குழந்தையை உட்காரவைத்துப் பார்த்துக்கொள்பவருக்குக் கிடையாது. இந்தப் பாதுகாப்பு சப்சிடி வாங்கும் டேகேருக்கும் வேண்டும் என்று மாநில சட்டமன்ற உறுப்பினரிடம் கேட்கலாம். கேட்கும்போது கையில் கணக்கு வேண்டும். அதனால் இப்போது நான் எழுதும் ஒவ்வொரு டேகேர் கணக்கிலும் ஒரு புதுத் தலைப்பு சேர்த்திருக்கிறேன்: அரசுத் தாமதத்தால் கட்டிய வட்டி, அபராதம், ஓவர்டிராஃப்ட் கட்டணம், தேதியோடும் ரசீதோடும். ஆண்டு முடிவில் ஒவ்வொருவரும் தங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்துக்கு அந்த ஒரு பக்கத்தை அனுப்பப் போகிறார்கள். அக்காவின் பக்கம் ஏற்கெனவே தயார்.